1998 மாடல் மாருதி ஜென் கார்: பிரேக் மிதித்தால் வந்த சீறலைத் தேடிப்போன மூன்று வாரம்

ஏலகிரியிலிருந்து இறங்கும்போதுதான் அந்தச் சத்தம் முழுசாகக் காதில் விழுந்தது. புலவர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயரும் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டாவது கியரில் மெல்ல வந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்திலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல். குக்கர் விசில் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வெயிட்டுக்கு அடியில் ஆவி கசியுமே, அதே சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும், வைத்தால் மறுபடி வரும்.

பக்கத்து சீட்டில் நைனா. “இன்னாடா அது, காத்து போற மாதிரி இருக்குது?” என்றார். டயராக இருக்குமோ என்று பொன்னேரி வந்ததும் ஓரங்கட்டி நாலு டயரையும் சுற்றிப் பார்த்தோம். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. மறுபடி வண்டியை எடுத்தால் மறுபடி அதே சீறல். வாணியம்பாடி தாண்டி வேலூர் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டேதான் வந்தேன்.

வண்டி நைனா 1998-ல் வாங்கியது. டி.என். 23 நம்பர், கார்புரேட்டர் இஞ்சின், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பவர் பிரேக். என் தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பும் இதில்தான், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் இதில்தான். விற்கிற எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. இத்தனை வருஷம் ஆன வண்டியில் ரப்பர் சாமான் ஒவ்வொன்றாக ஆயுசு முடிந்து கழன்றுகொள்வது இயற்கை. அதில் வண்டி மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது. குறையெல்லாம், சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்காமல் சாமானை மாற்றிக்கொண்டே போனதில்தான்.

மறுநாள் நேராக ஒரு ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். “பிரேக்கில் சத்தம்” என்றேன். பிரேக்கில் சத்தம் என்றால் அவர்களுக்கு வழி ஒன்றுதான். முன் வீல் இரண்டையும் கழற்றி டிஸ்க் பேடு மாற்றினார்கள், பின் டிரம்மைக் கழற்றி லேத்தில் கொடுத்து லேசாகச் சீவி வாங்கினார்கள், லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார்கள். சாயங்காலம் பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்து கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கிறேன், அதே ‘ஸ்ஸ்ஸ்’. போதாக்குறைக்கு, பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது இஞ்சின் தடுமாறுகிறது. மூச்சு வாங்கி, விழுந்து, எழுந்து ஓடுகிறது. இந்தத் தடுமாற்றம் புதுசு இல்லை. நாலைந்து மாதமாக இருந்தது. கார்புரேட்டர் அழுக்கு என்று நினைத்து இரண்டு முறை கிளீன் செய்து ஐடிலை, அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இஞ்சின் ஓடுகிற வேகத்தை, தூக்கி வைத்திருந்தேன். பிரேக் சத்தமும் இஞ்சின் தடுமாற்றமும் ஒரே நேரத்தில் வருகின்றன என்பது அந்த சிக்னலில்தான் எனக்கு உறைத்தது. ஒன்று நின்றால் இன்னொன்றும் நிற்கிறது.

அன்று ராத்திரி சேண்பாக்கத்தில் இருக்கிற பாய்க்கு போன் செய்தேன். அம்பாசிடர் காலத்திலிருந்து வண்டி வேலை பார்த்தவர். கண் மங்கிப் போனதால் இப்போது ஷெட் நடத்துவதில்லை. “ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி, வண்டிய கொண்டாங்க” என்றார். போனதும் பானெட்டைத் திறக்கவே சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“கால் வெச்சா வருதா, எடுத்தா வருதா?”

“வெச்சா வருது பாய்.”

“வெச்சே இருந்தா?”

“வந்துகினே இருக்குது.”

“இஞ்சின் ஆப் பண்ணிட்டு மிதிச்சா?”

அதை நான் பார்த்ததே இல்லை. அங்கேயே வண்டியை ஆப் செய்து மிதித்துப் பார்த்தேன். முதல் மிதிக்கு லேசாக வந்தது, இரண்டாவதுக்கு இல்லை. “வண்டி நிக்கும்போதும் வருதே, அப்போ வீலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. உருளாத வீல் எப்படி சத்தம் போடும்? பூஸ்டரப் பாருங்க” என்றார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பேடுக்கும் டிரம்முக்கும் நான் கட்டிய பணம் கண் முன்னால் வந்து போனது.

பிரேக் சத்தம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நாலைந்து வேறு வேறு சத்தங்கள். வண்டி உருளும்போது மட்டும் வருகிற ‘கிரீச்’ பெரும்பாலும் பேடு தேய்ந்த சத்தம். பேடில் இருக்கிற சின்னத் தகடு டிஸ்கில் உரசி, ‘என்னை மாற்று’ என்று கத்தும். கரகரவென்று அரைத்தால் பேடு முழுசாகப் போய் இரும்பும் இரும்பும் உரசுகிறது, அதற்கு மேல் ஓட்டக்கூடாது. மழைக்காலக் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் வருகிற உரசல், ராத்திரி ஈரத்தில் டிஸ்கில் படிந்த மெல்லிய துரு. தானாகப் போய்விடும். மிதித்ததும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் பெடலுக்கும் பூஸ்டர் ராடுக்கும் நடுவில் இருக்கிற பின்னில் ஆட்டம், இல்லையென்றால் பூஸ்டர் நட்டு தளர்ந்திருக்கிறது. காற்றுச் சத்தம், சீறல், உறுமல் எல்லாம் பூஸ்டர் பக்கம். வண்டி நிற்கிறதா உருளுகிறதா, இஞ்சின் ஓடுகிறதா இல்லையா, கால் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

பூஸ்டர் என்பது டிரைவர் பக்கம் பானெட்டுக்குள், சுவரோடு ஒட்டியபடி இருக்கிற கறுப்புத் தகர டப்பா. கவிழ்த்து வைத்த இட்லிக் குண்டான் மாதிரி இருக்கும். அதன் மூக்கில், பிரேக் ஆயிலை வீல்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். டப்பாவுக்குள் நடுவில் குறுக்கே ஒரு ரப்பர் டயாப்ரம், அது டப்பாவை முன் அறை, பின் அறை என்று பிரிக்கிறது. இஞ்சினுக்குள் காற்று போகிற குழாயான மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஓஸ் வந்து முன் அறையில் இருக்கிற காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கால் வைக்காதபோது இரண்டு அறைக்கும் நடுவில் வழி திறந்திருப்பதால் இரண்டிலும் வாக்கும்தான், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். கால் வைத்ததும் அந்த வழி மூடி, பெடல் பக்கத்திலிருந்து வெளிக்காற்று பின் அறைக்குள் புகும். பின்னால் காற்று, முன்னால் வெற்றிடம். டயாப்ரம் முன்னால் தள்ளப்படும், அதோடு சேர்ந்து மாஸ்டர் பிஸ்டனும் போகும்.

எவ்வளவு பலமாகத் தள்ளும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டி டப்பாவின் குறுக்களவு சுமார் 18 சென்டிமீட்டர். பரப்பு 250 சதுர சென்டிமீட்டர் சொச்சம். ஐடிலில் 18 அங்குல பாதரச அளவு வாக்கும் இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.62 கிலோ அழுத்தம். பெருக்கினால் 155 கிலோ! ஓரம், ராடு எல்லாம் கழித்தாலும் நூற்றுக்கு மேல் நிற்கும். நம் காலுக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் சேர்ந்து மிதிக்கிற பலம். பூஸ்டர் போனால் பிரேக் அடியோடு போய்விடாது, ஆனால் அந்த இரண்டு ஆள் பலத்தையும் நாமே கொடுக்க வேண்டும். மலை இறக்கத்தில் அது விளையாட்டு இல்லை. அந்தக் கணக்கைப் போட்ட பிறகு, வேலை முடிகிற வரைக்கும் நைனாவை வண்டியைத் தொடவே விடவில்லை.

பாய் சொல்லிக்கொடுத்த மூன்று சோதனைகளை வீட்டு வாசலிலேயே செய்தேன். முதலாவது, இஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதித்து உள்ளே மிச்சம் இருக்கிற வாக்குமைத் தீர்க்க வேண்டும். பெடல் கட்டை மாதிரி கெட்டியாகிவிடும். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். எனக்கு இறங்கியது, ஆனால் அரை மனசாக, மெதுவாக. இரண்டாவது, இஞ்சினை ஒன்றிரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, வழக்கமாக மிதிக்கிற மாதிரி மிதிக்க வேண்டும். முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மூன்றாவது மிதிக்குப் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உயரே நிற்க வேண்டும். எனக்கு இரண்டாவது மிதிக்கே கட்டை. மூன்றாவதுதான் முக்கியம். இஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, காலை எடுக்காமலேயே இஞ்சினை அணைக்க வேண்டும். 30 விநாடி பெடல் அசையாமல் நிற்க வேண்டும். என் கால் ஏழெட்டு எண்ணுவதற்குள் மேலே தள்ளப்பட்டது. யாரோ அடியிலிருந்து முட்டுக்கொடுத்துத் தூக்குவது மாதிரி மெதுவாக, நிற்காமல் தூக்கியது. கசிவு இருக்கிறது, சந்தேகமே இல்லை.

எங்கே கசிகிறது என்று தெரிய வேண்டுமே. மாடியில் செடிக்குத் தண்ணீர் விடுகிற மெல்லிய ட்யூபில் மூன்றடி வெட்டி ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையை, இஞ்சின் ஓட, ஓஸ் போகிற வழி முழுக்க நகர்த்தினேன். ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் கையை ஒட்டியே வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்ய வேண்டும். மேனிஃபோல்டு முனையில் ஒன்றுமில்லை. நடு ஓஸில் ஒன்றுமில்லை. பூஸ்டரில், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற நான்-ரிட்டன் வால்வு குத்தியிருக்கிற இடத்துக்கு வந்ததும் ட்யூபுக்குள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காதில் ஊதியது. அங்கே ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், கிராமெட் என்பார்கள். விரலால் வால்வை லேசாக ஆட்டினால் சத்தம் ஏறியும் இறங்கியும் வந்தது. கிடைத்துவிட்டது என்று அப்படி ஒரு சந்தோஷம்.

வால்வைப் பிடுங்கும்போது ‘புஸ்’ என்று உள்ளே காற்று இழுக்க வேண்டும். இஞ்சினை அணைத்துக் கால்மணி நேரம் கழித்தும் அந்த ‘புஸ்’ வந்தால் டப்பா வாக்குமைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குச் சத்தமே இல்லாமல் கையோடு வந்தது. கிராமெட் ரப்பர் வடாம் மாதிரி காய்ந்து, அழுத்தியதும் இரண்டாக உடைந்தது. வால்வை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் போகிறது, இஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் போகவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும், வால்வு நல்ல வால்வுதான். இருந்தாலும் அதன் வயசைப் பார்த்து வால்வு, கிராமெட், ஓஸ் மூன்றையும் மாற்றிவிட முடிவு செய்தேன்.

ஓஸ் வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. முதல் கடையில் பெட்ரோல் ஓஸை அளந்து வெட்டப் பார்த்தார்கள், “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று. ஒன்று இல்லை. பெட்ரோல் ஓஸ் உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிற அழுத்தத்துக்குச் செய்தது. வாக்குமில் வெளியிலிருந்து உள்ளே அமுங்கும். இஞ்சின் சூட்டில் அது மெத்துப்போய் நடுவில் ஒட்டிக்கொண்டால் பூஸ்டருக்கு உறிஞ்சலே போகாது. பிரேக் பூஸ்டருக்கென்றே வருகிற கெட்டியான ஓஸைக் கேட்டு வாங்குங்கள், விலையில் வித்தியாசம் பெரிதாக இல்லை.

மூன்றும் மாட்டியதும் ஐடில் உடனே ஏறிவிட்டது. தூக்கி வைத்திருந்த ஸ்க்ரூவைத் திரும்ப இறக்கினேன். கால் வைக்காதபோது இருந்த மெல்லிய சீறல், அப்படி ஒன்று இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது, போய்விட்டது. ஆனால் கால் வைத்தால்?

‘ஸ்ஸ்ஸ்.’

கொஞ்சம் குறைந்திருந்தது. நிற்கவில்லை. அன்று மனசு விட்டுப்போனது உண்மை. ராத்திரி முழுக்க அதே யோசனை. டப்பாவின் படத்தைக் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் இரண்டு சத்தமும் வேறு வேறு என்று புரிந்தது. ஓஸோ கிராமெட்டோ கசிந்தால் கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும் சீற வேண்டும், ஏனென்றால் அங்கே எப்போதும் வாக்கும் இருக்கிறது. கால் வைத்தால் மட்டும் சீறுகிறது என்றால் கசிவு டயாப்ரத்தில். டயாப்ரம் கிழிந்திருந்தாலும், கால் மேலே இருக்கும்போது இரண்டு பக்கமும் வாக்கும்தான், கிழிசல் வழியாகப் போக எதுவும் இல்லை, அதனால் சத்தம் இல்லை. கால் வைத்ததும் பின் அறைக்கு வருகிற வெளிக்காற்று கிழிசல் வழியாக முன் அறைக்கு ஓடி, ஓஸ் வழியாக மேனிஃபோல்டுக்குப் போகிறது. கார்புரேட்டரைக் கேட்காமல் காற்று கூடினால் பெட்ரோல் கலவை மெலிந்துபோய் இஞ்சின் தடுமாறும். கிரீன் சர்க்கிளில் நடந்தது அதுதான்.

காலையில் உறுதி செய்துகொண்டேன். அக்கா பையன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டான். இஞ்சின் தடுமாறியது. ஓஸைத் துணி சுற்றிய கட்டிங் பிளேயரால் இரண்டு விநாடி நசுக்கிப் பிடித்தேன். இஞ்சின் நிமிர்ந்து சீராக ஓடியது, சீறலும் அடங்கிக்கொண்டே வந்தது. விட்டேன், மறுபடி தடுமாற்றம். பூஸ்டர்தான்.

இங்கே நான் நேராகப் புது பூஸ்டர் வாங்கி மாட்டியிருந்தால் ஒரு வருஷத்துக்குள் அதுவும் போயிருக்கும். காப்பாற்றியது நைனா. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து ஆயில், தண்ணீர் பார்க்கிற பழக்கம் அவருக்கு. “பிரேக் ஆயிலு ஒரு மாசமா இறங்கினே இருக்குதுடா, நான் ரெண்டு வாட்டி ஊத்தினேன்” என்று சாதாரணமாகச் சொன்னார். பேடு தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், அது சரி. ஆனால் இப்போதுதானே புதுப் பேடு போட்டிருக்கிறோம்? மட்டம் இறங்கக் காரணமே இல்லை. நாலு வீலுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலும் காய்ந்த இடம். வீட்டு வாசல் சிமெண்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வெளியே வராத ஆயில் வேறு எங்கே போகும்?

கால் கீழேயா மேலேயா என்பதெல்லாம் பூஸ்டரின் முன் அறைக்குக் கிடையாது, இஞ்சின் ஓடுகிற வரைக்கும் அங்கே வாக்கும். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் கொஞ்சம் தளர்ந்தாலும் போதும், ஆயிலை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வால்வைக் கழற்றி, கெட்டியான கம்பி முனையில் வெள்ளைத் துணியைச் சுற்றி ஓட்டை வழியாக டப்பாவின் அடிவரை விட்டு எடுத்தேன். துணி பழுப்பாக நனைந்து வந்தது. மோந்து பார்த்தால் அந்தக் காட்டமான, லேசான மீன் வாடை. பிரேக் ஆயிலேதான்.

மாஸ்டரைப் பிடித்திருந்த இரண்டு 12 நம்பர் நட்டைக் கழற்றி ஒரு அங்குலம் முன்னால் இழுத்ததும் எல்லாம் தெரிந்துபோனது. மாஸ்டர் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே பூஸ்டரின் கறுப்பு பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, விரல் பட்டதும் தோல் உரிவது மாதிரி உரிந்து வந்தது. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் அப்படித்தான் ஆகும். அது படக்கூடாத ரப்பரில் பட்டாலும் ஊறி, உப்பி, பலம் போய்விடும். ஆக, முதலில் கெட்டது மாஸ்டர் சீல். அது கசிந்து பூஸ்டர் டயாப்ரத்தைத் தின்றது. டயாப்ரம் கிழிந்ததும் சீறல் வந்தது. கிராமெட் தனியாகத் தன் வயசுக்குக் காய்ந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கிற பேடிலும் டிரம்மிலும்தான் நான் முதலில் கை வைத்திருக்கிறேன்.

சாமான் தேடியதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் பழைய பூஸ்டர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று காட்பாடியில் ரயில் ஏறும் யோசனையில் இருந்தேன். பாய் தடுத்தார். “கதவு, பம்பர் வாங்குங்க தம்பி. ரப்பர் இருக்கிற சாமான பழசு வாங்காதீங்க. அது உங்க வண்டி வயசுதான் இருக்கும்.” புது பூஸ்டர், புது மாஸ்டர் இரண்டும் சொல்லிவைத்து நாலாம் நாள் வந்தன. அதோடு அரை லிட்டர் டாட் 3 பிரேக் ஆயில், சீல் உடைக்காத டப்பா. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3-இன் கொதிநிலை புதுசில் 205 டிகிரி என்றால் ஈரம் ஏறிய பிறகு 140-தான் தேறும். திறந்து வைத்த பழைய டப்பாவைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள்.

கழற்றுகிற வேலையில் கஷ்டமானது டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு செய்கிற பகுதி. கத்திரி வெயில் நேரம், வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துப் பத்துக்குள் நிறுத்திவிடுவது, மிச்சம் மறுநாள். பெடலிலிருந்து ராடைப் பிரிக்கிற பின்னைக் கழற்றியதும் அதைப் பார்த்தேன். நடுவில் ஒரு பக்கம் நகம் மாட்டுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ரொம்ப நாளாக வந்துகொண்டிருந்த அந்த ஒற்றை ‘டொக்’குக்குக் காரணம். புதுப் பின் பத்து இருபது ரூபாய் சமாசாரம். பூஸ்டரைச் சுவரோடு பிடித்திருக்கிற நாலு நட்டும் உள்பக்கத்திலிருந்துதான் வரும். மேலே இருக்கிற இரண்டுக்கும் நீள எக்ஸ்டென்ஷனும் பொறுமையும் வேண்டும். பிரேக் பைப் நட்டுகளுக்குச் சாதா ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், ஆறு பக்கமும் பிடிக்கிற பைப் நட்டு ஸ்பேனர்தான் சரி. இரண்டு நாள் முன்னாலேயே துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்திருந்ததால் சுலபமாக வந்தன. வழிகிற பிரேக் ஆயிலுக்குக் கீழே பழைய துணியும் பக்கத்தில் ஒரு மக்கு தண்ணீரும் வைத்திருந்தேன். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைத்தால் மட்டும் போதாது.

பழைய பூஸ்டரைச் சாய்த்தபோது வால்வு ஓட்டை வழியாகப் பழுப்பு நிறத்தில் ஏறக்குறைய அரை டம்ளர் வந்தது. நைனா இரண்டு முறை ஊற்றிய ஆயில் அத்தனையும் அங்கேதான் இருந்திருக்கிறது.

புது பூஸ்டரை அப்படியே எடுத்து மாட்டிவிடக்கூடாது. அதன் மூக்கிலிருந்து வெளியே நிற்கிற ராடு, மாஸ்டர் பிஸ்டனைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். நீளமாக இருந்தால் கால் வைக்காமலேயே பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கும். பிரேக் பிடித்தபடியே ஓடி வீல் சூடாகும், கடைசியில் ஜாம் ஆகும். குட்டையாக இருந்தால் பெடல் வெறுமனே கொஞ்ச தூரம் போன பிறகுதான் பிரேக் பிடிக்கும். இதற்குத் தனி கேஜ் இருக்கிறது, என்னிடம் இல்லை. அக்கா பையனின் கலர் களிமண்ணில் மிளகு அளவு கிள்ளி ராடு நுனியில் ஒட்டி, மாஸ்டரை மேலே வைத்து இரண்டு நட்டையும் கையால் இறுக்கி, மறுபடி கழற்றினேன். பச்சைக் களிமண் நசுங்கி ஒரு சின்ன வட்டத் தகடாக நின்றது. அதன் கனம்தான் இடைவெளி. வெர்னியரில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் காட்டியது, அதிகம். ராடு நுனியில் இருக்கிற ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, நாலு முறை களிமண் வைத்து எடுத்து, காகிதக் கனத்துக்குக் கொண்டுவந்தேன். அதற்கே ஒரு காலைப் பொழுது போனது. இந்த வேலையில் அவசரப்படக்கூடாத இடம் இதுதான். முடிந்ததும் களிமண் துளிகூட மிச்சமில்லாமல் துடைத்தேன்.

மாஸ்டரை மாட்டுவதற்கு முன்னால் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி உள்ளே இருக்கிற காற்றை எடுத்துவிட்டேன். வண்டியில் மாட்டிய பிறகு எடுப்பதைவிட இது பாதி நேரம். பிறகு ப்ளீடிங், அதாவது பைப்புக்குள் இருக்கிற காற்றை ஒவ்வொரு வீலாக வெளியே எடுப்பது. மாஸ்டருக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிற இடது பின் வீலில் ஆரம்பித்து, வலது பின், இடது முன், வலது முன். அதே செடி ட்யூபின் மிச்சத்தை ப்ளீடரில் மாட்டி, மறுமுனையை ஆயில் இருக்கிற பாட்டிலில் முக்கி வைத்தேன்.

“மாமா, அழுத்தட்டுமா?”

“அழுத்து. பிடிச்சிக்கோ. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத.”

ஒவ்வொரு திறப்புக்கும் ட்யூபில் முத்து முத்தாகக் குமிழி வந்து, பிறகு குறைந்து, கடைசியில் தெளிவான ஆயில் மட்டும் வந்தது. நடுவில் மேல் டப்பாவில் ஆயில் தீராமல் பார்த்துக்கொள்ள நைனா பானெட் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

மூன்று சோதனையும் மறுபடி. கட்டைப் பெடலில் கால் வைத்து ஸ்டார்ட் செய்ததும் பெடல் பஞ்சில் இறங்குவது மாதிரி இறங்கியது. மிதித்துப் பிடித்து இஞ்சினை அணைத்தேன். பையன் சத்தமாக முப்பது எண்ணினான், பெடல் அசையவில்லை. அறுபது வரைக்கும் எண்ணச் சொன்னேன், அப்போதும் அசையவில்லை. வாசலிலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, பிறகு ஆள் இல்லாத நேரம் பார்த்து பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடி பக்கம் போய் வந்தேன். இறங்கி நாலு வீலையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு வீல் மட்டும் தனியாகச் சூடாகவில்லை, ராடு அளவு சரி.

பழைய பூஸ்டரை எடைக்குப் போடுவதற்கு முன்னால் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து ஓரத்தை அறுத்துத் திறந்தோம். உள்ளே பெரிய ஸ்பிரிங் அமுங்கி இருக்கும். அறுக்கும்போது சீறி எழும்பும் என்பதால் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் அறுக்க வேண்டும், வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். டயாப்ரத்தின் அடிப்பாதி ஆயிலில் ஊறி, நல்ல பாதியைவிட ஒன்றரை மடங்கு தடித்து, கொழகொழவென்று இருந்தது. தகடு வளைகிற இடத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவு கிழிசல். பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் கிழிய ஆரம்பித்திருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் ஏலகிரி 14 வளைவும் இறங்கியிருக்கிறோம். நைனாவிடம் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

டீசல் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் இஞ்சின் மேனிஃபோல்டில் இந்த உறிஞ்சல் கிடைக்காது. தனி வாக்கும் பம்ப் இருக்கும், பல வண்டியில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே. அங்கே பெடல் கட்டையானால் பூஸ்டருக்கு முன்னால் பம்பையும் அதற்கு ஆயில் போகிற ட்யூபையும் பாருங்கள்.

இப்போதும் காலை வேகமாக வைத்தால் ‘ஹ்’ என்று ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்கும். பெடல் நகரும்போது மட்டும் வரும், நின்றதும் நின்றுவிடும். பின் அறைக்கு வெளிக்காற்று ஃபில்டர் வழியாகப் போகிற சத்தம் அது, எல்லா பூஸ்டரிலும் உண்டு. முதல் வாரம் அதற்கும் திடுக்கிட்டுக்கொண்டிருந்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் நின்ற இடத்தில் நைனா மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறார், ஆயில் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.